தேய்ந்த காசின் உதடு

வாசகர் கடிதம்:

"ஐயா, ஆறு வருடமாக அமெரிக்க மோர்கன் வெள்ளி டாலர்களைச் சேர்க்கிறேன். வருடத்துக்கு ஒன்று, நாணயச்சாலைக்கு ஒன்று என்பது என் கணக்கு. மொத்தமாக வாங்கிய கலவைக் காசுகளில் 1888ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸில் அடித்தது ஒன்று கிடைத்தது, நன்றாகத் தேய்ந்தது. எனக்கு இந்தப் பழக்கத்தையே கற்றுக்கொடுத்தவர், அண்ணன் மாதிரி, போன வருடம் என் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவர், 'இந்தத் தேய்ஞ்சதை நான் எடுத்துக்கறேன், இதே வருஷம், இதே நாணயச்சாலையிலயே பளிச்னு ஒண்ணு உனக்குத் தரேன்' என்றார். சந்தோஷமாக மாற்றிக்கொண்டேன். போன வாரம் போனில் பழைய படங்களை அழிக்கும்போது அந்தத் தேய்ந்த காசின் படம் கண்ணில் பட்டது. பெரிதாக்கிப் பார்த்தால் அதிலுள்ள பெண் முகத்தின் உதடு இரண்டாகத் தெரிகிறது. தேடியதில் 'ஹாட் லிப்ஸ்' என்று ஓர் அபூர்வ வகை இருப்பது தெரிந்தது. நல்லதைக் கொடுத்துத் தேய்ந்ததை யாராவது வாங்குவார்களா? அப்போதே யோசித்திருக்க வேண்டும். அவர் தெரிந்தேதான் செய்தாரா? திருப்பிக் கேட்கலாமா? தூக்கமே வரவில்லை."

அன்புள்ள நண்பருக்கு,

அண்ணன் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தப் படம்.

இந்த வேலையில் இத்தனை வருடத்தில் என்னிடம் 'இரட்டை உதடு', 'இரட்டை எண்', 'இரட்டைக் கண்' என்று சொல்லி வந்த படங்களுக்குக் கணக்கே இல்லை. அதில் பெரும்பகுதி கை ஆடியதால் வந்தது, அல்லது போன் செய்த வேலை. இப்போதைய போன்கள் ஒரு தடவை அழுத்தினால் நாலைந்து படம் எடுத்து ஒன்றாக ஒட்டித் தருகின்றன, நடுவில் விரல் கொஞ்சம் அசைந்தால் ஓரங்களில் நிழல் மாதிரி இன்னொரு கோடு விழும், அதை அந்தப் போனே கூர்மையாக்கி வேறு காட்டும். ஆகவே படத்தில் உதட்டை மட்டும் பார்க்காதீர்கள். கீழே இருக்கும் வருட எண்ணைப் பாருங்கள், சுற்றியுள்ள நட்சத்திரங்களைப் பாருங்கள், விளிம்பில் வரிசையாக இருக்கும் சிறு பற்களைப் பாருங்கள். எல்லாமே ஒரே பக்கமாக, ஒரே அளவுக்கு இரண்டாகத் தெரிந்தால் அது கேமராவின் கோளாறு, நீங்கள் நிம்மதியாகத் தூங்கப் போகலாம். மோர்கன் டாலரில் இந்தச் சோதனைக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. அந்தக் காலத்தில் வருட எண்ணை அடிக்கும் அச்சில் தனியாகக் கையால் குத்தினார்கள், முகம் வேறு வழியில் அச்சுக்கு வந்தது. அதனால் அச்சிலேயே முகம் இரட்டித்திருந்தாலும் 1888 என்ற எண் அதனோடு சேர்ந்து இரட்டிக்க வேண்டிய அவசியம் இல்லை. முகம் இரண்டாக இருந்து எண் தெளிவாக இருந்தால், அப்போது நிமிர்ந்து உட்காருங்கள்.

அது எப்படி நேர்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது புரியாமல் படத்தைப் பார்த்துப் பயனில்லை. காசில் இருப்பது போலவே உருவம் மேலெழும்பி நிற்கும் ஒரு தாய் அச்சு இருக்கும், ஹப் என்பார்கள். அதை இளகிய எஃகுத் துண்டின்மேல் வைத்து அழுத்தினால் உருவம் அதில் பள்ளமாகப் பதியும், அந்தத் துண்டுதான் பிறகு காசு அடிக்கும் அச்சு. அந்தக் காலத்தில் ஒரே அழுத்தில் முழு உருவமும் பதியாது. அழுத்திய எஃகு இறுகிப்போகும், மறுபடி சூடாக்கி இளக்க வேண்டும், மறுபடி அதே தாய் அச்சைப் பழைய பள்ளத்திலேயே சரியாகப் பொருத்தி அழுத்த வேண்டும். அந்த இரண்டாவது தடவை மயிரிழை விலகினால்கூட ஒரே முகம் இரண்டு தடவை பதிந்துவிடும். அப்புறம் அந்த அச்சு உயிரோடு இருக்கும்வரை அதிலிருந்து விழும் ஒவ்வொரு காசிலும் அதே இரட்டை முகம் வரும். 1888இல் நியூ ஆர்லியன்ஸுக்குப் போன அச்சுகளில் ஒன்று அப்படிப்பட்டது. உதடு, மூக்கு, கண், தாடை என்று முகத்தின் முன்பகுதி முழுக்க விலகல் தெரியும், அதிலும் உதடு நன்றாகத் தடித்து, யாரோ சாயம் பூசி அது வழிந்த மாதிரி. அந்த முகத்துக்கு மாதிரியாக உட்கார்ந்தவர் அன்னா வில்லியம்ஸ் என்ற பிலடெல்பியா ஆசிரியை. தன் உதட்டுக்கு ஒருநாள் இப்படி ஒரு பட்டப்பெயர் வரும் என்று அவர் நினைத்திருக்கவே மாட்டார், பாவம்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று இருக்கிறது. காசு அடிபடும் நொடியில் அச்சு கொஞ்சம் தளர்ந்து துள்ளினால், ஏற்கெனவே பதிந்த உருவத்தின் ஓரத்தைத் தட்டிச் சாய்த்துவிடும். மெஷின் டபுளிங் என்று சேகரிப்பாளர்கள் அலுப்போடு சொல்வது இதைத்தான். பார்த்தால் இதுவும் இரட்டைதான், ஆனால் ஓரம் படிக்கட்டு மாதிரி தட்டையாக, பளபளப்பாக இருக்கும், உருவம் பெரிதாகாமல் நறுக்கிவிட்ட மாதிரி மெலிந்து போயிருக்கும். உண்மையான இரட்டை அச்சில் இரண்டாவது உருவத்துக்கும் உருண்டையான உடம்பு உண்டு, உதடு மெலியாது, பருக்கும். எழுத்துகள் இரட்டித்திருந்தால் முனைகளில் பிளவு விழுந்திருக்கும், மரத்தில் உளியால் வெட்டியது போல. மெஷின் டபுளிங்குக்கு மதிப்பு எதுவும் கிடையாது, மோர்கன் டாலர்களில் அது ஏராளம். உங்கள் படம் மங்கலாக இருந்தால் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது, என்னாலும் முடியாது.

சரி, படம் எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம்.

உங்களை நீங்கள் முட்டாள் என்று கடிதத்தில் எழுதவில்லை, ஆனால் வரிக்கு வரி அதைத்தான் சொல்கிறீர்கள். நீங்கள் செய்தது ஆல்பம் வைத்திருக்கும் எல்லோரும் செய்வது. பட்டியலில் 1888 நியூ ஆர்லியன்ஸ் என்று பார்த்தால் 1,21,50,000 காசுகள் அடித்ததாக இருக்கும். ஒரு கோடிக்கு மேல் இருந்தால் அது சாதாரணக் காசுதான், சாதாரணக் காசில் தேய்ந்ததைவிடத் தேயாதது மேல், ஆகவே மாற்று. தர்க்கத்தில் ஓட்டை எங்கே என்றால், அந்தக் கோடி என்பது அந்த வருடத்தின் கணக்கு, அச்சின் கணக்கு கிடையாது. ஒரு வருடத்துக்கு எத்தனையோ அச்சுகள் தேய்ந்து உடைந்து மாறும், அதில் ஒரே ஓர் அச்சிலிருந்து வந்தவை மட்டும்தான் இந்த உதட்டுக்காரி. அடித்ததில் எவ்வளவு மிச்சம் என்பதும் புதிர். 1918ஆம் ஆண்டின் பிட்மன் சட்டப்படி 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்களை அரசாங்கம் உருக்கியது, எந்த வருடத்துக் காசு எத்தனை போயிற்று என்று யாரும் எண்ணி வைக்கவில்லை.

இரண்டாவது ஓட்டைதான் எனக்கு வயிற்றெரிச்சல் தருவது. ஹாட் லிப்ஸ் வகையைப் புழங்காத நிலையில் பார்ப்பதே அபூர்வம், கிடைப்பவை கிட்டத்தட்ட எல்லாமே கைமாறித் தேய்ந்தவை. அதாவது தேய்மானம்தான் அந்தக் காசின் இயல்பான நிலை. 'இருப்பதில் மோசமானதைத் தள்ளிவிட்டு நல்லதைச் சேர்' என்று நாம் எல்லோரும் படிக்கும் பாலபாடம் இருக்கிறதே, அது இந்த ஒரு காசை வீட்டைவிட்டு அனுப்புவதற்கென்றே எழுதி வைத்த மாதிரி இருக்கிறது. உங்களிடம் இரண்டு 1888 இருந்திருந்தால் நீங்கள் முதலில் கழித்துக் கட்டியிருக்கப் போவது அதைத்தான்.

ஆனால் ஒன்றில் உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்வேன். அவர் பளபளப்பான காசை எடுத்து மேசைமேல் வைத்தபோது, ஒரே வருடம், ஒரே நாணயச்சாலை, இரண்டு காசுகள் உங்கள் கண்முன் இருந்தன. அப்படி ஒரு வாய்ப்பு சேகரிப்பவனுக்கு அடிக்கடி வராது. பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நிமிடம் பார்த்திருந்தால், எந்தப் பட்டியலும் தெரியாமலே, 'என்னடா இது, ரெண்டு பேருக்கும் வாய் வேற மாதிரி இருக்கே' என்று தோன்றியிருக்கும். ஹாட் லிப்ஸ் கண்ணாடி இல்லாமலே தெரியக்கூடியது, லென்ஸ்கூட வேண்டாம். நீங்கள் புதியதன் பளபளப்பைப் பார்த்தீர்கள், பழையதைப் பார்க்கவில்லை. போகிற காசை யாரும் பார்ப்பதில்லை, வருகிற காசைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன், அதைக் கீழே சொல்கிறேன்.

இப்போது அண்ணன்.

'நல்லதைக் கொடுத்துத் தேய்ந்ததை யாராவது வாங்குவார்களா' என்று கேட்கிறீர்கள். வாங்குவார்கள். தேய்ந்த காசுகளை மட்டுமே தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், எவ்வளவு வழவழவென்று தேய்ந்திருக்கிறதோ அவ்வளவு சந்தோஷப்படுவார்கள், 'லோ பால்' என்று அதற்கொரு பெயரே உண்டு, மிகக் குறைந்த தரத்தில் முழு வரிசையைச் சேர்ப்பதில் போட்டி போடுகிறவர்கள்கூட உண்டு. வரிசை முழுக்க ஒரே அளவு தேய்மானம் இருக்க வேண்டும் என்று சிலர் பிடிவாதமாக இருப்பார்கள், நடுவில் ஒன்று பளிச்சென்று இருந்தால் பல் கட்டிய மாதிரி தெரியும் என்பார் எனக்குத் தெரிந்த ஒருவர். இன்னும் சாதாரணமான காரணம், தன்னிடம் கற்றுக்கொண்ட பையனுக்கு நல்ல காசு ஒன்று கொடுப்போம், சும்மா கொடுத்தால் வாங்க மாட்டான், மாற்றிக்கொள்வது போல் கொடுப்போம் என்று நினைத்திருக்கலாம். மூத்த சேகரிப்பாளர்கள் இதைச் செய்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தெரிந்துதான் எடுத்தார் என்பதற்கும் அதே அளவு வாய்ப்பு இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆல்பத்தில் இருந்த அத்தனை காசுகளுக்கு நடுவே அவர் விரல் அந்த ஒன்றில் போய் நின்றிருக்கிறது என்பது ஒரு தடயம்தான். ஆனால் தடயத்தை வைத்து ஆறு வருடப் பழக்கத்துக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

வாம் எண்கள் பற்றித் தேடும்போது பார்த்திருப்பீர்கள். வான் ஆலன், மாலிஸ் என்ற இருவர் மோர்கன் டாலரின் அச்சு வேறுபாடுகளுக்கு எண் போட்டுப் பட்டியலிட்டார்கள், அவர்கள் பெயரின் முதலெழுத்துகள்தான் வாம். ஹாட் லிப்ஸ் 1888 நியூ ஆர்லியன்ஸில் வாம் 4. அந்தப் பட்டியல் இன்று ஆயிரக்கணக்கில் நீண்டு கிடக்கிறது, அதில் பாதி லென்ஸ் வைத்தாலும் கண் வலிக்கும் சமாச்சாரம். முக்கியமான நூறை மட்டும் பொறுக்கி இன்னொரு சிறு பட்டியல் பிறகு வந்தது, ஹாட் லிப்ஸ் அதிலும் உண்டு. ஆகவே மோர்கனையே முழுநேரமாகச் சேர்ப்பவர் என்றால் அவருக்கு இது தெரிந்திருக்கும். பொதுவாக எல்லா நாட்டுக் காசும் சேர்ப்பவர் என்றால் தெரியாமலே இருக்கலாம். அவர் எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும், கடிதத்தில் எழுதவில்லை.

சேகரிப்பாளர் உலகத்தில் 'செர்ரி பிக்கிங்' என்று ஒரு பழக்கம் உண்டு. விற்பவருக்குத் தெரியாத வகையைத் தன் அறிவால் கண்டுபிடித்து, சாதாரணக் காசின் விலைக்கே எடுத்துக்கொள்வது. முன்பின் தெரியாத வியாபாரியின் பெட்டியிலிருந்து இப்படி எடுத்தால் யாரும் தப்புச் சொல்வதில்லை. அவர் வேலை தன் சரக்கைத் தெரிந்து வைத்திருப்பது, உங்கள் படிப்புக்குக் கூலி அந்தக் காசு. இதை நானும் செய்திருக்கிறேன், வெட்கமில்லை. ஆனால் தான் கற்றுக்கொடுத்த ஒருவன் நம்பித் திறந்து காட்டிய ஆல்பத்திலிருந்து எடுப்பது வேறு. அது திருட்டு என்று சொல்ல மாட்டேன், அவர் பொய் சொல்லவில்லை, பளிச்சென்று தருவேன் என்றார், தந்தார். இருந்தாலும் அது அற்பத்தனம். 'இதில் ஏதாவது விசேஷம் இருக்கா' என்று நீங்கள் அன்று கேட்டு, அவர் 'ஒண்ணுமில்ல' என்று சொல்லியிருந்தால் கதையே மாறிவிடும், அது ஏமாற்றுதான். அப்படி ஏதாவது பேச்சு நடந்ததா என்று நன்றாக யோசித்துப் பாருங்கள். நடக்காததை இப்போது நடந்ததாக மனது சேர்த்துக்கொள்ளும், அதையும் கவனியுங்கள்.

தெரிந்தே மாற்றுவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. காசுகளுக்கு 1 முதல் 70 வரை மதிப்பெண் போடுகிறோமே, அந்த அளவுகோலை ஏற்படுத்தியவர் வில்லியம் ஷெல்டன். பழைய அமெரிக்கப் பெரிய செம்புக் காசுகளில் அவரை மிஞ்சிய ஆள் அன்று இல்லை. அந்த ஷெல்டன், நியூயார்க்கில் இருந்த அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பிலிருந்து நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு, அதே வகையில் தன்னிடம் இருந்த மட்டமானவற்றை அந்த இடத்தில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். ஒன்றிரண்டு இல்லை, நூற்றுக்கும் மேல். பழைய படங்களையும் பெட்டியில் இருந்த காசுகளையும் ஒப்பிட்டுத்தான் அதை நிரூபித்தார்கள், அப்போது அவர் உயிரோடு இல்லை. கவனித்தீர்களா, அவர்களைக் காப்பாற்றியதும் பழைய படம்தான். உங்கள் அண்ணனை அந்த வரிசையில் வைக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் உங்கள் சம்மதத்தோடு வாங்கினார், உங்களுக்கு மேலானதாகத் தெரிந்த காசைத்தான் கொடுத்தார், கழகத்துக்கு நடந்ததில் இந்த இரண்டுமே இல்லை.

திருப்பிக் கேட்கலாமா? கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லை என்பது என் கருத்து. கேட்டுப் பார்க்க யாரும் தடுக்கவில்லை, அது வேறு. இரண்டு பேரும் காசைக் கையில் வைத்துப் பார்த்து, சம்மதித்து மாற்றினீர்கள். பிறகு ஒன்றின் மதிப்பு கூடுதல் என்று தெரிந்தால் அது வைத்திருப்பவருடையது. இது கடுமையாகத் தெரிந்தால் இன்னொரு பக்கமிருந்து பாருங்கள். அந்தக் காசு உங்களுக்குக் கலவைக் காசுகளில் கிடைத்தது என்கிறீர்கள். அதை அப்படி மொத்தமாகத் தள்ளிவிட்டவருக்கும் உதடு தெரியவில்லை. நீங்கள் அதை ஹாட் லிப்ஸ் என்று அன்றே கண்டுபிடித்திருந்தால், அவரைத் தேடிப் போய் மீதிப் பணத்தைக் கொடுத்திருப்பீர்களா? நான் கொடுத்திருக்க மாட்டேன். அந்தக் காசு உங்களுக்கு முன்னாலும் தெரியாதவர்கள் கையிலேதான் ஓடிக்கொண்டிருந்தது, அப்படி ஓடியதால்தான் அவ்வளவு தேய்ந்தது.

ஆனாலும் அவரிடம் பேசுங்கள். போனில் வேண்டாம், மெசேஜ் கண்டிப்பாக வேண்டாம், நேரில் போங்கள், படத்தை எடுத்துக்கொண்டு. குற்றம் சாட்டும் வரியில் தொடங்காதீர்கள். 'அண்ணே, அந்த 1888 இன்னும் உங்ககிட்ட இருக்கா? பழைய போட்டோ பார்த்தேன், உதடு ரெட்டையா தெரியுற மாதிரி இருக்கு, ஒருதடவை பார்க்கலாமா?' இவ்வளவு போதும். பிறகு வாயை மூடிக்கொண்டு அவர் முகத்தைப் பாருங்கள். அவருக்குத் தெரியாமல் இருந்திருந்தால் ஓடிப்போய் எடுத்து வருவார், இரண்டு பேரும் சேர்ந்து விளக்கடியில் வைத்துப் பார்ப்பீர்கள், உங்களை இத்தனை நாள் வாட்டிய கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும். பார்த்தபின் அது வெறும் மெஷின் டபுளிங்காக இருக்கவும் வாய்ப்புண்டு, அப்போது இரண்டு பேரும் சிரித்துவிட்டுக் கிளம்பலாம். உண்மையாகவே ஹாட் லிப்ஸ் என்றால், நீயே வைத்துக்கொள் என்று அவர் நீட்டக்கூடும். சும்மா வாங்காதீர்கள். பளபளப்பானதைத் திருப்பிக் கொடுங்கள், அதற்கு மேல் அவர் ஆசைப்பட்டுத் தேடும் காசு ஏதாவது உங்களிடம் இருந்தால் அதையும் சேருங்கள்.

'தெரியும்டா, அதனாலதான் எடுத்தேன்' என்று சொன்னால்? வலிக்கும். 'சொல்லியிருக்கலாம்ல' என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள், அதைச் சொல்லாமல் திரும்பாதீர்கள், மனதில் வைத்துக்கொண்டு பழகுவது அதைவிட மோசம். அதற்குமேல் அவரோடு எப்படிப் பழகுவது என்பது காசைப் பற்றிய கேள்வி இல்லை, அதில் நான் தலையிட மாட்டேன். விற்றுவிட்டேன் என்றால் விஷயம் முடிந்தது, யாரிடம் என்று துருவாதீர்கள்.

என் கதையைச் சொல்கிறேன் என்றேனே. 1878இல் மோர்கன் டாலர் தொடங்கியபோது பிலடெல்பியாவில் அடித்த முதல் காசுகளில் பின்பக்கக் கழுகுக்கு 8 வால் இறகு. பிறகு 7 போதும் என்று முடிவு செய்தார்கள், அவசரத்தில் ஏற்கெனவே இருந்த 8 இறகு அச்சுகள்மேலேயே 7 இறகை அழுத்தினார்கள், அதனால் சில காசுகளில் ஏழு இறகுக்கு அடியில் பழைய இறகுகளின் நுனிகள் எட்டிப் பார்க்கும். தொடக்க காலத்தில் என்னிடம் ஒன்று இருந்தது. நான் இறகை எண்ணினேன், ஏழு வந்தது, சாதாரணம் என்று உறையில் எழுதி மூடிவிட்டேன். அடியில் பார்க்கவில்லை. ஒருவர் அதைக் கேட்டார், வேறு இரண்டு காசுகளுக்கு மாற்றினேன், நல்ல பேரம் என்று வீட்டில் பெருமையடித்தேன் வேறு. இரண்டு வருடம் கழித்து அவரே ஒரு பெரிய லென்ஸைக் கையில் கொடுத்து அந்தக் காசைக் காட்டினார். எனக்கு வந்த கோபத்தில் லென்ஸை வீசியிருப்பேன். திருப்பிக் கேட்கவில்லை. 'எப்படிப் பார்த்தீங்க, சொல்லிக்கொடுங்க' என்று கேட்டேன். விளக்கை எந்தச் சாய்வில் வைப்பது, காசை எப்படிச் சுழற்றுவது, எந்த இடத்தில் முதலில் கண் போக வேண்டும் என்று அன்று மாலை முழுக்கச் சொல்லிக்கொடுத்தார். அதில்தான் இன்றும் பிழைக்கிறேன். அந்த இரண்டு காசுகளும் என்னிடம் இன்னும் இருக்கின்றன, விற்க மனமில்லை, பார்க்கவும் பிடிக்காது.

அன்றிலிருந்து வெளியே போகும் எந்தக் காசையும், அது எவ்வளவு மட்டமானதாக இருந்தாலும், ஒரு பக்கமிருந்து மட்டும் வெளிச்சம் விழும்படி வைத்து இரண்டு பக்கமும் படம் எடுத்துவிட்டுத்தான் கொடுப்பேன், உறையிலிருந்து வெளியே எடுத்து. ஐந்து மடங்கோ பத்து மடங்கோ பெரிதாகக் காட்டும் ஒரு லென்ஸ் போதும், அதற்குமேல் போனால் ஒவ்வொரு கீறலும் அபூர்வ வகையாகத் தெரிய ஆரம்பித்துவிடும். மோர்கன் மட்டும் சேர்ப்பதால் உங்களுக்கு வேலை இன்னும் சுலபம். ஆயிரம் எண்களைப் படிக்காதீர்கள். உங்களிடம் இருக்கும் வருடங்களுக்கு மட்டும் முக்கிய வகைகள் எவை என்று ஒரு தாளில் எழுதி ஆல்பத்துக்குள் வையுங்கள். உங்களிடம் 1900 நியூ ஆர்லியன்ஸ் இருந்தால் மிண்ட் மார்க்கை, அதாவது எந்த நாணயச்சாலை என்று காட்டும் சிறு எழுத்தை, உற்றுப் பாருங்கள். கார்சன் சிட்டி நாணயச்சாலையில் டாலர் அடிப்பது 1893இல் நின்றுபோனது, மிச்சமிருந்த அச்சுகளை வீணாக்காமல் அவற்றிலிருந்த 'சிசி' எழுத்துகளின் மேலேயே 'ஓ'வைக் குத்தி நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பினார்கள், அடியில் அந்த இரண்டு எழுத்துகளின் எச்சம் தெரியும். 1901 பிலடெல்பியா இருந்தால் பின்பக்கக் கழுகைப் பாருங்கள், அதில் இரட்டை அச்சு ஒன்று உண்டு. இதெல்லாம் ஒருநாள் மாலை வேலை.

இன்னொன்று, இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். அவர் உங்களுக்குக் கொடுத்த அந்தப் பளபளப்பான 1888ஐ, வாங்கிய நாளுக்குப் பிறகு ஒருதடவையாவது லென்ஸில் பார்த்தீர்களா? பார்த்ததாகக் கடிதத்தில் இல்லை. அதே வருடம், அதே நியூ ஆர்லியன்ஸில் பேர்பெற்ற வகை இன்னொன்றும் இருக்கிறது. அச்சு விரிசல் விட்டு, விளிம்பில் தொடங்கி அந்த அம்மாவின் முகத்தின் குறுக்கே மேடான ஒரு கோடு ஓடும், 'ஸ்கார்ஃபேஸ்' என்று பெயர். கீறல் என்றால் பள்ளமாக இருக்கும், விரிசல் என்றால் மேடாக இருக்கும், விளக்கைச் சாய்த்தால் வித்தியாசம் தெரியும். உங்களுடையது அதுவாக இருக்கும் என்று சொல்லவில்லை, அநேகமாக இருக்காது. அண்ணனைப் பார்க்கப் போவதற்கு முன்னால் அதைப் பார்த்துவிட்டு, கன்னத்தைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.